போனஸ் கொடுத்தும் பெடியன் ஏன் போனான்? சம்பளமும் ஊக்கத்தொகையும் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருமலை (திருகோணமலை) நகரில் உள்ள சில சின்னக் கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதுவது என் தொழில். அவற்றில் ஒன்று ஹார்ட்வெயார் கடை. அங்கே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். மே மாத நடுவில் ஒரு நாள் முதலாளி கொப்பிகளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "தம்பி, சித்திரைக்கு ஒரு மாதச் சம்பளம் முழுசா போனஸ் குடுத்தனான். இருந்ததிலயே நல்ல பெடியன் வேலையை விட்டிட்டுப் போயிட்டான். இனி ஏன் குடுக்க வேணும், சொல்லுங்கோ பாப்பம்?"

அந்தப் பெடியன் ஏன் போனான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் முதலாளியின் கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருந்தது. ஊழியருக்குக் கொடுக்கும் எல்லாக் காசையும் அவர் ஒரே காசாகப் பார்க்கிறார். மாதச் சம்பளம், ஓவர்டைம், கொமிஷன், போனஸ், பெருநாளுக்குக் கையில் வைக்கும் ஐயாயிரம் எல்லாமே அவருக்கு 'குடுத்தது'. வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றும் அவரிடம் வேறு வேறு வேலையைச் செய்கிறது.

சம்பளம் என்பது ஒருவர் வந்து வேலை செய்வதற்கும் நாளைக்கும் வருவதற்கும் கொடுப்பது. ஊக்கத்தொகை என்பது 'இதைச் செய்தால் இவ்வளவு' என்று முன்கூட்டியே சொல்லி, செய்த பிறகு கொடுப்பது. வெகுமதி முன்கூட்டிச் சொல்லாதது. வேலை நன்றாக முடிந்ததைப் பார்த்து மனம் வந்து கொடுப்பது. என் வார்த்தையில் சொன்னால் சம்பளம் ஆளை நிறுத்தி வைக்கிறது, ஊக்கத்தொகை ஆளை ஒரு பக்கம் திருப்புகிறது. எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்க்காமல் கொடுத்துவிட்டு, பிறகு 'காசு குடுத்தும் வேலை நடக்கவில்லை' என்பதுதான் பெரும்பாலான முதலாளிமாரின் முறைப்பாடு.

சரி, சித்திரை போனஸ் இதில் எந்த வகை? எல்லாருக்கும், ஒவ்வொரு வருடமும், வேலை எப்படி இருந்தாலும் கிடைக்கிறது. அப்படியானால் அது ஊக்கத்தொகையும் இல்லை, வெகுமதியும் இல்லை. பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் பதின்மூன்று மாதச் சம்பளம், அவ்வளவுதான். கொடுத்தால் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள், கடையே முகத்தைத் திருப்பும். இன்னொரு விசயமும் உண்டு. ஏப்ரலில் போனஸ் வரும் என்று தெரிந்தவர் ஜனவரியில் வேலையை விடமாட்டார், வாங்கிக்கொண்டு மே மாதத்தில் விடுவார். போக நினைத்த ஆளை நாலு மாதம் பிடித்து வைத்தது அந்த போனஸ்தான். அது செய்யக்கூடிய வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது.

முதலில் அடிச் சம்பளம்

ஊக்கத்தொகை பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அடிச் சம்பளத்தைத்தான். இலங்கையில் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தபோது அந்தத் தொகை மாதம் 10,000 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000. இது சட்டம் போட்ட தரை. இந்தத் தரையில் நின்றுகொண்டு 'என் ஆட்களுக்கு ஏன் உற்சாகம் இல்லை' என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

1959இல் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் பகுதியில் இருந்த சுமார் 200 பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலையில் மனம் நிறைந்த நேரம் எது, வெறுத்துப்போன நேரம் எது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒன்றின் எதிர்ப்பக்கம்தான் மற்றது என்று நாம் நினைப்போம். வந்த பதில் அப்படி இல்லை. மனம் நிறைந்த கதைகளில் சாதித்தது, பாராட்டு வாங்கியது, பொறுப்புக் கிடைத்தது என்பவை வந்தன. வெறுத்த கதைகளில் நிர்வாகம், மேலாளரின் நடத்தை, சம்பளம் என்பவை வந்தன. இந்த ஆய்வின் முறையைப் பிறகு பலர் குறை சொன்னார்கள், அது வேறு கதை. ஆனால் சம்பளம் சோற்றில் உப்பு மாதிரி என்பதை நான் எல்லாக் கடையிலும் பார்க்கிறேன். குறைந்தால் வாயில் வைக்க முடியாது. அளவாக இருந்தால் யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

போதுமா என்பதை ரூபாய்த் தொகை மட்டும் சொல்லாது, அந்த ரூபாய்க்கு என்ன வாங்கலாம் என்பதும் சேர்ந்துதான் சொல்லும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தது. 30,000 வாங்கிய ஒருவருக்கு அந்த வருடம் முதலாளி மனமிரங்கி 3,000 கூட்டியிருந்தால், அந்த 33,000இன் பெறுமதி முந்திய வருடக் காசில் சுமார் 19,400தான். முதலாளி 'கூட்டினேன்' என்பார், தொழிலாளி 'குறைந்தது' என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சம்பளத்தை ஆட்கள் தனியாகப் பார்ப்பதும் இல்லை, பக்கத்தில் நிற்பவரின் சம்பளத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஆறு வருடமாக நிற்கும் ஒரு தங்கச்சி 38,000 வாங்குகிறார். புதிதாக ஆள் எடுக்கப்போனால் 45,000க்குக் குறைந்து யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், அதனால் புதியவருக்கு 45,000. பழையவர் எதுவும் கேட்கவில்லை என்று முதலாளிக்கு நிம்மதி. அவர் வாயால் கேட்கமாட்டார், கையால் கேட்பார். ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்த சாமானுக்கு இனிப் பத்து நிமிடம் ஆகும். 1960களில் ஸ்டேசி அடம்ஸ் என்ற உளவியலாளர் இதைச் சமத்துவக் கோட்பாடு என்று எழுதினார். நான் போடுவதையும் எனக்குக் கிடைப்பதையும், மற்றவர் போடுவதோடும் அவருக்குக் கிடைப்பதோடும் ஒப்பிடுகிறேன், தராசு சரிந்திருந்தால் என் பக்கத்தில் போடுவதைக் குறைக்கிறேன். சம்பளத்தை இரகசியமாக வைத்தால் இது வராது என்று நினைப்பவர்கள் நம் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் உட்கார்ந்ததில்லை போலும்.

சந்தை விலைக்கு மேலே சம்பளம் கொடுத்தால் நட்டம்தானா? 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்ட் தன் கார்த் தொழிற்சாலையில் நாள் கூலியைச் சுமார் 2.34 டொலரில் இருந்து 5 டொலருக்கு உயர்த்தி, வேலை நேரத்தையும் ஒன்பது மணியில் இருந்து எட்டு மணியாகக் குறைத்தார். தருமம் செய்ய அல்ல. அதற்கு முந்திய வருடம் அவருடைய தொழிற்சாலையில் ஆள் மாற்றம் 370 சதவீதம். ஒரு இடத்துக்கு வருடத்தில் மூன்று நாலு பேர் வந்து வந்து போனார்கள் என்று கணக்கு. புது ஆளைத் தேடுவதும் பழக்குவதும் பழகும்வரை அவர் செய்யும் பிழைகளும் காசுதான், எந்தக் கொப்பியிலும் தனி வரியாக வராத காசு. கூலியை உயர்த்தியதும் ஆட்கள் நின்றார்கள். ஆனால் அந்த 5 டொலரில் ஒரு பகுதி இலாபப் பங்கு. அதைக் கொடுக்க முன் தொழிலாளி வீட்டில் ஒழுங்காக வாழ்கிறாரா, குடிக்கிறாரா என்று கம்பனி ஆட்கள் போய் விசாரித்தார்கள். சம்பளம் கூடினால் முதலாளியின் கையும் நீளும் போல.

முதலாளிமாருக்கு ஒரு சின்னக் கணக்கு. 40,000 சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு, நாம் ஈ.பி.எஃப். என்கிறோமே அதற்கு, ஊழியரிடம் இருந்து 8 சதவீதம் 3,200 பிடிக்க வேண்டும். முதலாளி தன் பங்காக 12 சதவீதம், 4,800 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எஃப்.புக்கு, முதலாளி மட்டும் 3 சதவீதம், 1,200. ஆக முதலாளிக்குச் செலவு 46,000, ஊழியர் கைக்கு வருவது 36,800. நடுவில் இருக்கும் 9,200 ரூபாயை இரண்டு பேருமே நட்டம் என்று நினைத்தால், இரண்டு பேரும் சேர்ந்து 'கட்டாமல் விடுவோம்' என்று ஒரு முடிவுக்கு வருவார்கள். அது சட்டப்படி பிழை. அதோடு, அந்த 9,200உம் ஊழியரின் பெயரில் சேரும் காசு என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. கொடுத்தும் கொடுத்த பெயர் கிடைக்காத காசு இது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமானால், ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. அதையும் வேலைக்கு எடுக்கும் நாளில் சொல்கிற முதலாளி அரிது.

கடல் சொல்லித் தரும் பாடம்

ஊக்கத்தொகை என்றால் வெளிநாட்டுக் கம்பனிகள் கண்டுபிடித்த ஏதோ ஒன்று என்று நினைக்க வேண்டாம். நிலாவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ காலையில் கரைக்குப் போய்ப் பாருங்கள். தொழிலுக்குப் போகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிச்சத்தைப் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். கணக்கு இடத்துக்கு இடம், தொழிலுக்குத் தொழில் மாறும். உதாரணத்துக்கு 24,000க்கு மீன் விற்று, 9,000 செலவு போய், மிச்சம் 15,000 என்று வைப்போம். பாதி படகுக்கு. மற்றப் பாதியை மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 2,500. அதற்கு மேல் வீட்டுக்குக் கறிக்கு மீன்.

ஏன் கடலில் மட்டும் இது இவ்வளவு இயல்பாக நடக்கிறது? யோசித்துப் பார்த்தால் இந்த விசயத்தின் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது. படகுக்காரர் கரையில் நிற்கிறார். நடுக்கடலில் யார் தூங்கினார், யார் வலையைச் சரியாக இழுத்தார் என்று அவரால் பார்க்க முடியாது. ஆனால் கரைக்கு வந்த மீனை நிறுத்துப் பார்க்கலாம். உழைப்பைக் கண்காணிப்பது கடினம், விளைவை எண்ணுவது சுலபம். இந்த இரண்டும் சேரும் இடத்தில் விளைவுக்குக் காசு கொடுப்பது பொருந்தும். எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு என்பதையும் கவனியுங்கள். அப்படி இல்லாவிட்டால் எண்ணெயை யார் மிச்சம் பிடிப்பார்கள்?

ஆனால் அதே முறையில் ஒரு பாரமும் இருக்கிறது. காற்று எழும்பிய நாளில், மீன் படாத நாளில், எவ்வளவு உழைத்தாலும் பங்கு பூச்சியம். விளைவுக்குக் காசு கொடுக்கும்போது முதலாளியின் தலையில் இருந்த ஆபத்தில் ஒரு பகுதி தொழிலாளியின் தலைக்கு மாறுகிறது. நாளைக்கு உலை வைக்கக் காசு இல்லாதவர் அந்த ஆபத்தைத் தாங்கமாட்டார். அதனால்தான் கரைவலைச் சம்மாட்டிமார், அதாவது வலைக்குச் சொந்தக்கார முதலாளிமார், முற்பணம் கொடுக்கிறார்கள். மீன் இல்லாத நாட்களில் அது சோறு. அதே நேரம் அந்தக் கடன் முடியும்வரை ஆள் வேறு வலைக்குப் போகவும் முடியாது. உதவியும் கட்டும் ஒரே காசில். இதைச் சரி என்றோ பிழை என்றோ ஒரு சொல்லில் நான் சொல்லமாட்டேன், ஆனால் வெறும் பங்கு மட்டும் கொடுத்து ஆளை வைத்திருக்க முடியாது என்பதைச் சம்மாட்டிமார் எப்போதோ கண்டுகொண்டார்கள். கொமிஷன் மட்டும் தருகிறேன், அடிச் சம்பளம் இல்லை என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு இன்னும் புரியவில்லை.

எதை அளக்கிறீர்களோ அதுதான் கிடைக்கும்

கரையில் பங்குக்கு நெருங்கிய சொந்தம் துண்டுக் கணக்கு. தைத்த உடுப்புக்கு இவ்வளவு, அரிந்த கல்லுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. இது உண்மையில் வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்தவர் எட்வர்ட் லேசியர் என்ற பொருளியலாளர். அமெரிக்காவில் கார்க் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் என்ற கம்பனி 1994, 1995 காலத்தில் மணிக்கூலியை விட்டு, பொருத்திய கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாறியது. ஒரு தொழிலாளி பொருத்தும் கண்ணாடியின் எண்ணிக்கை சராசரியாக 44 சதவீதம் உயர்ந்தது. இந்த எண்ணை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் பிரிவு. அந்த உயர்வில் ஏறத்தாழ பாதிதான் அதே ஆட்கள் வேகமாக வேலை செய்ததால் வந்தது. மற்றப் பாதி, வேகமான ஆட்கள் நின்றதாலும் புதிதாக வந்தவர்கள் அதிகம் செய்யக்கூடியவர்களாக இருந்ததாலும் வந்தது. நீங்கள் எப்படிச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பதே உங்களிடம் யார் வருவார்கள் என்பதையும் தீர்மானிக்கிறது.

அவசரத்தில் கண்ணாடி உடைந்தால்? பொருத்தியவரே தன் நேரத்தில் திரும்பப் பொருத்திக் கொடுக்க வேண்டும், புதுக் கண்ணாடிக்கும் அவரே காசு கட்ட வேண்டும் என்று கம்பனி வைத்திருந்தது. எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கும் எவரும் தரத்துக்கு ஒரு கடிவாளம் போடாமல் விட்டால் கதை கந்தல்.

நம் ஹார்ட்வெயார் கடைக்கு வருவோம். அவர் முன்பு ஒரு முறை கவுண்டரில் நிற்பவர்களுக்கு விற்பனையில் 1 சதவீதம் கொமிஷன் வைத்தார். விற்பனை ஏறியது, அவருக்கும் சந்தோசம். வருட முடிவில் கணக்குப் பார்த்தபோது இலாபம் ஏறவில்லை, கடன் கொப்பி மட்டும் தடித்திருந்தது. என்ன நடந்தது என்று பார்க்க ஒரு பில் போதும். 10,000 ரூபாய்ச் சாமானில் கடைக்கு 1,000 இலாபம் என்று வைப்போம். வாங்க வந்தவர் விலை குறைக்கச் சொல்கிறார். பெடியன் 500 குறைத்துக் கொடுக்கிறான். கடையின் இலாபம் சரிபாதியாகப் போய்விட்டது. பெடியனின் கொமிஷன் 100இல் இருந்து 95 ஆகிறது. ஐந்து ரூபாய்க்காக யார் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவார்கள்? கடனுக்குக் கொடுத்தாலும் அதே கொமிஷன்தான், காசு வந்து சேர்கிறதா என்பது அவன் தலைவலி இல்லை. அவன் கள்ளனும் இல்லை, சோம்பேறியும் இல்லை. கடை எதற்குக் காசு கொடுத்ததோ அதை அப்படியே செய்து கொடுத்தான்.

பிறகு மாற்றினோம். விற்பனைக்குப் பதில், இலாபத்தில் 10 சதவீதம், அதுவும் காசு கைக்கு வந்த பிறகு. அதே பில்லில் முழு விலைக்கு விற்றால் அவனுக்கு 100, ஐந்நூறு குறைத்தால் 50. விலை குறைக்க முன் இப்போது அவன் இரண்டு முறை யோசிப்பான். இதற்கும் ஒரு விலை உண்டு. எந்தச் சாமானில் எவ்வளவு இலாபம் என்பதை முதலாளி ஊழியரிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு மனம் வராத முதலாளிமார் இந்த முறையைத் தொடக் கூடாது.

சின்னக் கடையில் நடந்தது பெரிய வங்கியிலும் நடந்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் கிளை ஊழியர்களுக்கு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இத்தனை கணக்கு, இத்தனை அட்டை விற்க வேண்டும் என்று கடும் இலக்கு இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து இலக்கைப் பிடித்தார்கள். 2016இல் வங்கிக்கு 185 மில்லியன் டொலர் அபராதம் விழுந்தது, சுமார் 5,300 பேரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். அத்தனை பேரும் பிறவியிலேயே மோசடிக்காரர்கள் என்று நான் நம்பவில்லை.

ஓவர்டைமும் இந்த வகைதான். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. நியாயமான சட்டம். ஆனால் ஓவர்டைம் இல்லாமல் வீடு ஓடாது என்ற அளவுக்கு அடிச் சம்பளம் குறைந்திருந்தால், பகலில் ஆமையாக நடக்கும் வேலை ஐந்து மணிக்குப் பிறகு முயலாக ஓடும். அடிச் சம்பளத்தைத் தூக்கிய ஒரு அச்சகத்தில் இது தானாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த பிழை

மற்றவர்களின் பிழையையே சொல்லிக்கொண்டிருப்பது அழகில்லை. உப்புவெளிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு, ஆட்கள் லீவு எடுப்பதைக் குறைக்க நான் ஒரு யோசனை சொன்னேன்: மாதத்தில் ஒரு நாளும் லீவு எடுக்காதவருக்கு 3,000. முதல் மாதம் பிரமாதம். இரண்டாம் மாதம் ஒருவர் 4ஆம் திகதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலைக்கு வராமல் நின்றார். அதோடு அவருக்கு 3,000 போய்விட்டது. மிச்சம் இருபத்தைந்து நாளும் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அந்த மாதம் அவர் மேலும் மூன்று நாள் நின்றார். இன்னொருவர் எதிர்ப்பக்கம். தனக்கே காய்ச்சலோடு வந்து மா பிசைந்தார். சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடம்! அதைக் கேட்டதும் எனக்கு முகம் சுருங்கிப்போனது.

'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்று ஊக்கத்தொகையைக் கட்டினால் கோட்டைத் தவறவிட்டவருக்கு அந்த நிமிடத்திலிருந்து அது செத்துப்போகிறது. பிறகு அதை வாரத்துக்கு 700 என்று உடைத்து, வைத்தியரின் துண்டு கொண்டுவந்தால் அந்த நாளைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம். செலவு கிட்டத்தட்ட அதே அளவுதான்.

பேக்கரி முதலாளி அப்போது எதிர்ப்பக்கமாக ஒன்று கேட்டார்: பிந்தி வருகிறவர்களுக்குக் காசு வெட்டினால் என்ன? சட்டம் அனுமதித்த காரணங்களுக்கு மட்டும்தான் சம்பளத்தில் பிடிக்கலாம் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஒரு ஆய்வு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சில குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள், பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சிறு தண்டம் வைத்துப் பார்த்தன. பிந்தி வருகிறவர்கள் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானார்கள். முன்பு ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சம் இருந்தது. தண்டம் வந்ததும் அது காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. தண்டத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. கூச்சத்துக்கு ஒருமுறை விலை போட்டால் திரும்ப வாங்க முடியாது போலும். பேக்கரியில் பிந்தி வந்தவர்களுக்கு நாங்கள் காசு வெட்டவில்லை. ஒருவருக்கு மட்டும் முதல் பஸ்ஸின் நேரத்துக்கு ஏற்ப வேலை தொடங்கும் நேரத்தை அரை மணி தள்ளி வைத்தோம், பிரச்சினை அதோடு முடிந்தது.

ஒருவருக்கா, எல்லாருக்குமா?

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் பில்லோடு சேரும் 10 சதவீத சேர்விஸ் சார்ஜ் குழு ஊக்கத்தொகைக்கு நல்ல உதாரணம். அதைப் பொதுவாக ஊழியர்களுக்குள் புள்ளிக் கணக்கில் பிரிப்பார்கள். மேசைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் மட்டும் விருந்தினரைத் திரும்ப வரவைப்பதில்லை. உள்ளே மீன் பொரித்தவரும் மேலே படுக்கை விரித்தவரும் சேர்ந்துதான். தனித்தனியாகப் பிரிக்க முடியாத வேலைக்குத் தனித்தனிக் கொமிஷன் கொடுத்தால் ஒருவர் மேசையை ஒருவர் பறிப்பார்கள். குழுவாகக் கொடுத்தால் ஒருவர் உழைப்பில் இன்னொருவர் சாய்ந்திருப்பார் என்ற பயம் உண்டு, ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் அது நடக்கவும் செய்கிறது. எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் சாய்ந்தவரை மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொள்வார்கள், முதலாளி தலையிட வேண்டியதில்லை.

இங்கேயும் கடல் குறுக்கே வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, ஆட்கள் நிறைவார்கள். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் அறைகள் காலி. மாரியில் சேர்விஸ் சார்ஜ் விழுந்ததற்கு வெயிட்டரின் கவனக்குறைவு காரணமில்லை. அடிச் சம்பளத்தைத் தரையில் வைத்து மிச்சத்தைச் சேர்விஸ் சார்ஜ் பார்த்துக்கொள்ளும் என்று விடும் இடங்களில் ஒவ்வொரு நவம்பரிலும் ஆட்கள் போவார்கள், ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிய ஆட்களைப் பழக்க வேண்டிவரும். ஃபோர்ட் பட்ட பாடுதான்.

காசு இல்லாத வெகுமதிகளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அடிச் சம்பளம் கொடுக்காமல் தப்ப அதைப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் சம்பளம் சரியாக இருக்கும் இடத்தில் அது நன்றாக ஒட்டும். கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் கேட்காமலே இரண்டு மணி நேரம் முன்னதாக விடுவது, கிண்ணியாவில் இருந்து வருகிறவருக்கு நோன்பு நாட்களில் நேரத்தை மாற்றிக் கொடுப்பது, போனஸை எல்லாருக்கும் சித்திரைக்கே என்று வைக்காமல் அவரவர் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நத்தாருக்கும் கொடுப்பது. கடைசியில் சொன்னதற்கு ஒரு சதமும் கூடுதல் செலவில்லை. ஏப்ரல் முடிந்ததும் மொத்தமாக ஆட்கள் கிளம்பும் பிரச்சினையும் அதில் பாதி போய்விடும்.

இனி அந்தப் பெடியன். ஒரு மாதம் கழித்து டொக்யார்ட் வீதியில் கண்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். புதுக் கடையில் சம்பளம் கூடவா?

"இல்லை அண்ணே, ரெண்டாயிரம் குறைவு. ஆனா அங்க மாசா மாசம் சம்பளத் துண்டு தாறாங்கள், ஈ.பி.எஃப்.உம் கட்டுறாங்கள். மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் போனா அதைத்தானே கேக்கிறாங்கள். முதலாளி நல்ல மனுசன், அவரைக் குறை சொல்லேலாது. ரெண்டு தரம் கேட்டனான், பாப்பம் பாப்பம் எண்டவர்."

நான் அதை அப்படியே போய் முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மிச்சம் நாலு பேருக்கும் ஈ.பி.எஃப். பதியத் தொழில் அலுவலகத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேணும் என்று கேட்டு, ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.